கேமராவுக்குள் பிறந்த தம்பி

கூச்சப்படுகிறவனுக்குத் தைரியம் வந்துவிட்டால் ஊர் தாங்காது. எனக்கு அது ஒரே ஒரு தடவை வந்தது. எழுபதுகளின் கடைசியில், ஒரு ஜப்பான் கேமரா வடிவில்.

சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொடுத்துவிட்டுப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மேலே பொறித்திருந்த கம்பெனிப் பெயரை அன்றும் யாரும் கேள்விப்பட்டதில்லை, இன்றுவரை நானும் வேறெங்கும் பார்த்ததில்லை. ஒரு படத்துக்கான ஃபிலிமில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் பதிக்கும் கேமரா அது. முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு கிடைக்கும். (இந்த விஷயம் சங்கரன்கோவிலில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற கர்வம் வேறு.)

அப்போது புளியங்குடியில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டார் என் போட்டோ கேட்டார்கள். ஸ்டுடியோக்காரர் நேரே நின்று "சிரிங்க" என்றால் எனக்கு அழுகைதான் வரும். அதனால் நானே எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். கேமராவில் தானாக அமுங்கும் விசை உண்டு. தண்ணீர்த் தொட்டிமேல் வைத்து முடுக்கிவிட்டு, ஓடிப்போய் ஜன்னலோரம் நின்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி ஒன்று. சோடாபுட்டி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கைவைத்து இன்னொன்று. இரண்டில் நல்லதை அனுப்புவதாகத் திட்டம்.

ஃபிலிமை ஸ்டுடியோவில் கொடுத்தபோது, இது பாதிப் பாதியாகப் பதியும் கேமரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வழக்கம்போல் முழுசாகவே பிரிண்ட் போட்டுவிட்டார். நான் போவதற்குள் எங்கள் தரகர் அதை வாங்கிக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம் பெண்ணின் அப்பாவும் தாய்மாமாவும் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். கேசரி பிடித்திருந்தது, என்னையும் பிடித்திருந்தது. காபியைக் கையில் வாங்கிக்கொண்டே பெண்ணின் அப்பா கேட்டார்.

"மூத்தவரைப் பாத்தாச்சு. சின்னவரை எங்க காணோம்?"

எனக்கு இவன் ஒருத்தன்தானே என்றார் என் அப்பா. வந்தவர் சட்டைப்பையிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். நடுவில் தூண் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. தூணுக்கு இந்தப் பக்கம் கண்ணாடியோடு நான். அந்தப் பக்கம் கண்ணாடி இல்லாமல் நான். ஜாடை ஒன்று, சட்டையும் ஒன்று. இரட்டைப் பிள்ளைகள் என்று அங்கே முடிவுகட்டி, இளைய மகளையும் சேர்த்து ஒரே பந்தலில் முடித்துவிடலாம் என்பதுவரை பேசிவிட்டார்களாம்.

தாய்மாமாவின் முகம் மாறியது. துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார்.

"அந்தப் பையனுக்கு எதுவும் சீக்கா அண்ணாச்சி? எதுக்கு மறைக்கிய? மறைக்கிற வீட்டுல நாங்க பொண்ணு கொடுக்கதா இல்ல."

என் கல்யாணம் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றது. அதுவரை வாயே திறக்காத நான், "அதுவும் நாந்தான்" என்றேன். யாரும் நம்பவில்லை. நிரூபித்துவிடுவோம் என்று கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கைவைத்து நின்றேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எல்லாம் புகைமூட்டம். மரியாதைக்குத் தாய்மாமாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். (அது மூலையில் சாத்தியிருந்த பாய்ச்சுருள்.) தவறு தெரிந்து வேகமாகத் திரும்பியதில் முழங்கை இடித்து, பெண்ணின் அப்பா கையிலிருந்த காபி முழுவதும் அவர் வேட்டியில்.

அவர் வேட்டியை உதறிக்கொண்டே படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது சின்னவருதான், சந்தேகமே இல்ல. ஏ தம்பி, நீங்க போயி மூத்தவரைக் கூட்டிட்டு வாங்க. எங்களுக்கு அவரு போதும்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது.

அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள் என் மனைவி. புதிதாக யார் வந்தாலும், கண்ணாடி போட்டவர் தன் வீட்டுக்காரர் என்றும், பக்கத்தில் நிற்பவர் கொழுந்தன் என்றும் அறிமுகம் செய்கிறாள். குழம்பில் உப்புக் குறைகிறது என்று நான் வாய் திறந்தால் போதும்.

"கொழுந்தனா இருந்தா பேசாம சாப்பிட்டிருப்பாரு. எனக்குப் பிடிச்சிருந்தது அவரைத்தான்."

பிள்ளைகள் இரண்டும் சித்தப்பா கட்சி.