உள்ளே போவதை மட்டும் ஒப்புக்கொள்ளும் பெரிய மனிதர்

ஆண்கள் வார்டு எதுவானாலும் சரி, அங்கே இவர் ஒருவர் இருப்பார். இவருக்கு வாய் உண்டு, வயிறு உண்டு. அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது.

அடையாளம் காண்பது சுலபம். ஆஸ்பத்திரி கொடுத்த, முதுகு திறந்த அங்கியின்மேல் மடிப்புக் கலையாத, கணுக்கால்வரை தொங்கும் கல்லாபிய்யா ஜிப்பாவைப் போட்டிருப்பார். மீசையில் எண்ணெய், விரலில் தஸ்பீஹ் மணி, கட்டிலைச் சுற்றி அத்தர். பார்க்க வருகிறவர் யாராயிருந்தாலும் பிடித்து உட்காரவைத்து, எலும்பை எப்படி அறுத்தார்கள், எவ்வளவு நீள ஆணியை இறக்கினார்கள், மயக்க மருந்தைத் தான் எப்படித் தாக்குப்பிடித்துப் பாதி ஆபரேஷனை விழித்தே பார்த்தார் என்று ஒன்றுவிடாமல் சொல்லுவார். டீ கொண்டுவருகிறவனை நிறுத்தித் தையலைக் காட்டுவார். கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்குகிற மூத்திரப் பாட்டில் மட்டும் கண்ணில் படாது. அதன்மேல் துண்டு. துண்டின்மேல் செய்தித்தாள். அது என்னவென்று கேட்டுவிட்டால், அப்போதுதான் தானும் அதைப் பார்ப்பதுபோல் புருவத்தைத் தூக்குவார்.

கூச்சம் என்று நினைத்து இரக்கப்படாதீர்கள். கூச்சக்காரன் காதோடு காதாகவாவது கேட்டுவிடுவான். இது கூச்சமில்லை, பதவி. கழிவறைக்கு ‘ஓய்வு வீடு’ என்று பெயர் வைத்த ஊரில், ஓய்வே எடுக்காமல் முன்னுக்கு வந்தவர் என்று பேரெடுத்துவிட்டால் பிறகு அந்த வீட்டுக்குப் போவதாக எப்படி ஒப்புக்கொள்வது? இந்த இனத்தை எந்தப் பல்கலைக்கழகமும் ஆராயவில்லை. தேவையுமில்லை. எகிப்தில், நாற்காலி செய்தே பிழைக்கும் துமியாத்தில் ஆயுசு முழுக்க ரம்பம் பிடித்த கைக்கு, எந்தப் பலகையில் உள்ளே பூச்சி இருக்கிறது என்று தட்டினாலே தெரியும்.

ஹாஜி பஸ்யூனியைத் தட்டிப் பார்ப்போம்.

மரத்தூள் கூட்டிப் பிழைப்பைத் தொடங்கி, தங்கமுலாம் பூசிய நாற்காலிகளுக்கென்று தனிக் கடை வைக்கும் அளவுக்கு வந்தவர். அந்தக் கடைப் படியிலேயே விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். விழுந்ததற்கும் அவரிடம் பெருமை உண்டு: “இத்தாலிப் பளிங்கு, வழுக்கத்தானே செய்யும்?” ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வியாழக்கிழமை அவருடைய ஒரே மகள் ரிஹாபுக்கு நிக்காஹ். வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் மாப்பிள்ளையின் கையைத் தகப்பன் பிடித்து ‘கொடுத்தேன்’ என்று சொல்ல வேண்டும். தகப்பன் வரமுடியாவிட்டால் அந்தக் கையை அவருடைய தம்பி ஷஹாத்தா பிடிப்பார். ஷஹாத்தா அடுத்த தெருவில், இதே மாதிரி நாற்காலியை, இதைவிட மலிவாக விற்கிறவர். பஸ்யூனிக்கு அது இடுப்பு முறிந்ததைவிட வலித்தது.

குழாய் மாட்டியிருக்கும்வரை நிக்காஹுக்குப் போகமுடியாது என்று அவரே முடிவுகட்டியிருந்தார். செவ்வாய்க்கிழமை காலையில் நர்ஸ் இன்ஷிராஹ் வந்து மூத்திரக் குழாயை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு மெதுவாகப் பேசவே வராது. மீன் சந்தையில் பிறந்த குரல்.

“ஹாஜி, குழாயை எடுத்தாச்சு. மதியத்துக்குள்ள நீங்களே ஒண்ணுக்குப் போயிடணும். பாட்டில்லயே போங்க, நான் அளந்து பாக்கணும். ஆபரேஷனுக்கப்புறம் வெளிக்கிப் போனீங்களா?”

ஹாஜி ஜன்னலைப் பார்த்தார். நைல் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்களைத்தான் கேக்கறேன்.”

“எல்லாம் நல்லபடியா இருக்கும்மா, அல்லாஹ்வுக்கே புகழ்.”

“அவனுக்குப் புகழ், சரி. வயிறு போச்சா, போகலையா?”

“போச்சு போச்சு. கதவைச் சாத்து மகளே, காத்து வருது.”

போகவில்லை. வலி மாத்திரை குடலைக் கட்டிப்போடும் என்று அவள் முன்பே சொல்லி, இளக்கும் மருந்து ஒரு பாட்டிலும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அதைத் தலையணைக்குப் பின்னால் திணித்துவிட்டு, வந்தவர்கள் கொண்டுவந்த பாலாடைக்கட்டியையும் மிஷப்பக் இனிப்பையும் கொய்யாச் சாற்றையும் மரியாதைக்காக ஏற்றுக்கொண்டிருந்தார். இந்த இனத்தின் மரியாதையெல்லாம் ஒருவழிப் பாதை. உள்ளே வருவதற்கு ஒன்றையும் மறுக்காது.

ளுஹர் என்ற மதியத் தொழுகைக்கு முன்னால் அடிவயிறு கனத்தது. தம்பி ஷஹாத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தம்பி பார்க்கப் பாட்டிலை எடுப்பதா? இரண்டு கையாலும் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு, முனகாமல், ஏதோ கடையைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்போல் கழிவறைக்கு நடந்தார். தம்பி விடுவாரா? அண்ணன்மேல் பாசம் பொங்கி, கதவுக்கு வெளியிலேயே காவல் நின்றார்.

“ஆச்சாண்ணே?”

உள்ளிருந்து இருமல் கேட்டது.

“விழுந்துடப்போறீங்க. நான் உள்ள வரட்டா?”

“வந்தா காலை உடைப்பேன்.”

“எதைப் பிடிச்சுக்கிட்டு உடைப்பீங்க?”

இதற்குமேல் எவனுக்கு வரும்? ஒரு சொட்டும் வரவில்லை. வெளியே வந்தவர் தம்பியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். பிறகு இன்ஷிராஹ் கேட்டபோது, தம்பி முன்னாலேயே, “அங்கேயே போயாச்சும்மா, தாராளமா” என்றார். தாராளமா என்ற சொல்தான் இந்த இனத்தின் கையெழுத்து. உண்மையாகப் போனவன் எவனும் அளவு சொல்லமாட்டான்.

“பாட்டில்லதானே போகச் சொன்னேன்?”

“நடக்கிற ஆளுக்கு எதுக்கும்மா பாட்டில்?”

அவள் அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். சரியாக அந்த நேரத்தில் சம்பந்தி வீட்டார் நுழைந்தார்கள். மரவாடி முதலாளி முஅல்லிம் ஸைதான், அவருடைய அண்ணன், மச்சான், மாப்பிள்ளைப் பையன். நாலு பேர், நாலு பழக்கூடை. ஹாஜி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். அடுத்த அறையில் யாருக்கோ ரத்தம் கசிகிறது என்று அவளைக் கூப்பிட்டார்கள். போகும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

இப்போது ஹாஜியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சம்பந்தி வந்திருக்கிறார். அவருக்குச் செம்பருத்திச் சாறு கொடுக்க வேண்டும். கொடுத்தால் தானும் கூடக் குடிக்க வேண்டும். குடித்து முடிக்குமுன் எழுந்துபோனால் சம்பந்திக்கு மரியாதையில்லை. குடித்து முடித்ததும் இன்னொரு குவளை ஊற்றாவிட்டால் இவருக்கு மரியாதையில்லை. அவர்கள் போகப் பார்ப்பதும், இவர் ‘அதெப்படி, இப்பத்தானே வந்தீங்க’ என்று சத்தியம் போட்டு உட்காரவைப்பதும், அவர்கள் உட்கார்வதுமாக ஒரு மணி நேரத்துக்கும் மேல் போயிற்று. அடிவயிறு தர்பூசணியாக எழும்பியது. நெற்றியில் வேர்வை. பேச்சு தேக்கு மரத்தில் தொடங்கிப் பாதியில் அறுந்து தொங்கியது.

“சம்பந்திக்கு முகம் சரியில்லையே” என்றார் ஸைதான்.

“மகளைப் பிரியப்போறோமேன்னு ஒரு துக்கம்” என்றார் பஸ்யூனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஸைதானின் கண் கலங்கியது. “என்ன பாசம் பாருங்க.”

அந்தப் பாசத்தின் நடுவில் இன்ஷிராஹ் திரும்பி வந்தாள். யாரையும் கேட்காமல் போர்வையை விலக்கி வயிற்றில் கையை வைத்தாள். ஹாஜி கூரையைப் பார்த்து ஊளையிட்டார்.

“கல்லு மாதிரி இருக்கு. தாராளமா போனீங்களா? எங்க போனீங்க, கெய்ரோவுக்கா? எல்லாரும் வெளிய போங்க.”

“விருந்தாளிங்கள வெளிய போகச் சொல்றியா? அவங்க குவளைய இன்னும் வைக்கலம்மா.”

“நாங்க எங்கயும் போகல, கவலப்படாதீங்க” என்றார் ஸைதான். நோயாளியைத் துன்பத்தில் விட்டுப்போவது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை.

அவள் திரையை இழுத்துவிட்டுப் பாட்டிலை வைத்தாள். திரைக்கு இந்தப் பக்கம் ஐந்து ஆண்பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த நிசப்தத்தில் கொசுவுக்குக்கூடப் பயமாக இருந்திருக்கும். பஸ்யூனிக்கு எப்படி வரும்? தண்ணீர்ச் சத்தம் கேட்டால் சில பேருக்குத் திறந்துகொள்ளும் என்று இன்ஷிராஹ் போய் மூலையிலிருந்த குழாயைத் திறந்துவிட்டாள்.

திறந்துகொண்டது. ஆனால் திரைக்கு இந்தப் பக்கம்.

முதலில் ஸைதானின் அண்ணன் எழுந்தார். “அசருக்கு ஒளு எடுக்கணும்.” அந்தப் பிற்பகல் தொழுகைக்கும், அதற்கு முன்னால் கைகால் கழுவும் ஒளுவுக்கும் இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. ஸைதான் கால்மேல் போட்ட காலை இறக்கி, மறுபடி போட்டு, மறுபடி இறக்கி, “நானும் ஒளு எடுத்துடறேன்” என்றார். மச்சானுக்கும் அதே பக்தி. மாப்பிள்ளைப் பையன் சாக்குச் சொல்லக்கூட நிற்காமல் ஓடினான். ஆனால் எல்லோரையும் முந்திக்கொண்டு போனவர் ஷஹாத்தா. தாழ்வாரத்தில் இருந்தது ஒரே கழிவறை. அதன் முன்னால் துமியாத்தின் மரியாதைக்குரிய ஆண்கள் தோளோடு தோள் நின்று, தொழுகையின் மகிமையைப் பற்றி, முழங்காலை இடித்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர்கூட ‘ஒண்ணுக்கு வருது’ என்று சொல்லவில்லை.

அறை காலியாயிற்று. கேட்க ஆளில்லை. இனிமேல் பஸ்யூனி போகலாம். ஆனால் வரவில்லை. பகல் முழுக்க இழுத்துப் பிடித்ததில் வயிற்றுக்குள் மூத்திரப்பை தளர்ந்துபோய்விட்டது. கெட்டிப்பட்ட குடல் வேறு பின்னாலிருந்து நெருக்கியது. டாக்டர் வந்து பார்த்தார். குழாய் மறுபடி உள்ளே போனது. குழாயில் மாட்டிய பை நிறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து இன்ஷிராஹ் ஓடிப்போய் இன்னொரு பை எடுத்துவந்தாள். பிறகு எனிமா. அந்தக் கதையை இங்கே எழுத முடியாது. எழுதினால் நீங்கள் படித்துவிடுவீர்கள்.

எல்லாம் இறங்கி, வேர்வை அடங்கி, மனிதன்போல் படுத்திருந்த பஸ்யூனி மெதுவாகக் கேட்டார்.

“அப்ப வியாழக்கிழமை?”

“போயிட்டு வாங்களேன்” என்றாள் அவள், படுக்கையைத் துடைத்துக்கொண்டே. “குழாயும் பையும் ஒரு வாரம் இருக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். அதோட எத்தனை பேர் வீட்டுக்குப் போறாங்க. சக்கர நாற்காலியில உக்காந்து கையைப் பிடிச்சுக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே? குழாய் போட்டா போகமுடியாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அவர் யாரையும் கேட்கவுமில்லை.

சாயங்காலம் ரிஹாப் வந்தாள். மருதாணி வைக்க உட்கார்ந்தவள் எழுந்து ஓடி வந்திருந்தாள். பையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“கல்லாபிய்யாவுக்கு உள்ள தெரியாதுப்பா. தெரிஞ்சாத்தான் என்ன? நான் பக்கத்துலயே உக்காந்து பையைப் பிடிச்சுக்கறேன்.”

“கல்யாணப் பொண்ணு கையில மூத்திரப் பையா?”

“எங்க அப்பாவோட பைதானே.”

“சம்பந்தி என்ன நினைப்பார்?”

“சம்பந்தியா? அவர் கழிவறைக்கு ஓடினத ஆஸ்பத்திரியே பாத்துச்சாம்.”

“அவர் ஒளு எடுக்கப் போனார்” என்றார் பஸ்யூனி கண்டிப்பாக.

அவள் அழுதாள், கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள். பஸ்யூனி அசையவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்றார். காய்ச்சல் கௌரவமான நோய். வியாழக்கிழமை, வெள்ளைக் கைக்குட்டைக்கு அடியில் ஷஹாத்தாவின் கை இருந்தது. படத்தில் அந்தக் கை நன்றாக விழுந்திருக்கிறது. இன்றும் ஹாஜி அதை வருகிறவர்களிடம் காட்டி, அன்றைக்குத் தனக்கு அடித்த காய்ச்சலை விலாவாரியாக விவரிக்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன தடவை டாக்டர் ‘மோஷன் எப்படி?’ என்று கேட்டபோது, பக்கத்தில் மருமகள் நின்றதால், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? பஸ்ஸில் மூன்று மணி நேரம் தொடையை இறுக்கிக்கொண்டு வந்துவிட்டு, இறங்கினதும் ‘கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்’ என்று புதருக்குப் பின்னால் போனது யார்? இதைப் படிக்கும்போதுகூடப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டீர்களே. நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகவேண்டுமானால் போய்விட்டு வாருங்கள். ஒளு எடுக்கத்தான் போனீர்கள் என்று வைத்துக்கொள்கிறோம்.