கம்பளிப்பூச்சிக் கோடுகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

எம்.இ. முடித்துவிட்டு முதல் வேலையில் சேருகிறவன் கையில் கொஞ்ச நாளைக்கு எந்தக் கருவியையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அன்னவாசல் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் விரிவுரையாளராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சட்டைப் பையில் மூன்று பேனா. (ஒன்றுதான் எழுதும்.) அப்போதுதான் லேபில் கர்வ் ட்ரேசர் வந்திறங்கியது. டிரான்சிஸ்டரை அதில் மாட்டினால், அது வேலை செய்யும் விதத்தைத் திரையில் வளைகோடுகளாக வரைந்து காட்டும். நல்ல சரக்கு என்றால் மெல்லிய, சுத்தமான கோடுகள் வரும்.

மாட்டுவதற்குக் கருவியிலேயே இடம் இருந்தது. எனக்கு அது போதவில்லை. மாணவர்கள் தள்ளி நின்று பார்க்கட்டும் என்று மரப்பெட்டி ஒன்று செய்து, அதற்கும் கருவிக்கும் நடுவே ஒரு மீட்டர் நீளத்துக்கு மூன்று நிறத்தில் ஒயர் இழுத்தேன். பெட்டியின் நெற்றியில் என் பெயரையும் படிப்பையும் ஒட்டினேன்.

புதிதாக வாங்கிய ஐம்பது டிரான்சிஸ்டர்களை அதில் வைத்துச் சோதித்தேன். வந்த கோடுகள் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து, மயிர் சிலிர்த்து, நடுவில் துள்ளின. கையைக் கிட்டே கொண்டுபோனால் நெளிந்தன. கையைப் பார்த்து ஒரு கோடு ஏன் நெளிய வேண்டும் என்று மூளை உள்ளவன் யோசித்திருப்பான். நான் நோட்டில் ‘தரம் நிலையற்றது’ என்று எழுதினேன்.

பக்கத்து ஸ்டோர் ரூமில் இருந்த அட்டெண்டர் கருப்பையா வந்து நின்றார்.

“சார், நீங்க அந்தப் பெட்டியப் போட்டா என் எஃப்.எம். ரேடியோ கொர்ருங்குது.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே. வேற ரேடியோ வச்சுப் பாருங்க.”

“பாத்தாச்சு சார். அதுவும் கொர்ருங்குது.”

அவரை அனுப்பிவிட்டு, ஐம்பதும் போலி என்று பிரின்சிபாலுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். என் சம்பள விண்ணப்பத்தை இரண்டு மாதமாகப் படிக்காத மனிதர் இதை உடனே படித்தார். விற்ற கடையின் பெயரோடு, தன் கையெழுத்தும் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டவும் செய்தார்.

கடை, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சகாயமேரி நடத்தியது. ஆவூர்க்காரர், டிப்ளமோ படித்தவர், என் வயதுதான். விஷயம் பரவி, இன்னும் இரண்டு கல்லூரிகள் அவரிடம் கொடுத்திருந்த ஆர்டரை நிறுத்திவிட்டன. மூன்றாம் நாள் கையில் ஹெல்மெட்டோடு லேபுக்கு வந்துவிட்டார்.

“சார், எப்படிப் போலின்னு கண்டுபிடிச்சீங்கன்னு எனக்கும் காட்டுங்க.”

பிரின்சிபால் முன்னிலையில் இருபது நிமிடம் பேசிவிட்டு (அவர் கேட்டது ஒரு நிமிட விஷயம்) சுவிட்சைப் போட்டேன். கம்பளிப்பூச்சிகள் வந்தன. ஸ்டோர் ரூமில் கொர் என்றது.

சகாயமேரி தலையைத் திருப்பினார். “அங்கிட்டு ரேடியோ ஓடுதா?”

கருப்பையா இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல உள்ளே வந்தார். “ஆமாங்க. சார் சுவிட்சப் போட்டாத்தான் இப்படி. நான் சொன்னேன், சார் காதுல வாங்கல.”

சகாயமேரி என் பக்கம் திரும்பினார். “டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருக்கு சார். இது ரொம்ப வேகமான ரகம். இம்புட்டு நீள ஒயரக் கட்டிவிட்டா அது தானா அதிர ஆரம்பிச்சு, குட்டி ரேடியோ ஸ்டேஷன் ஆயிரும். அந்தக் கூத்தத்தான் கோடுன்னு பாத்திருக்கீங்க.”

என் பெட்டியை நாசூக்காக ஓரம் தள்ளினார். கைப்பையிலிருந்து, அந்த அதிர்வை அடக்குகிற, பாசிமணி போன்ற கறுப்பு ஃபெரைட் மணி ஒன்றை எடுத்து, டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் பேஸ் என்கிற காலில் கோத்து, நேராகக் கருவியிலேயே மாட்டினார். சீவிய பென்சிலால் இழுத்ததுபோலக் கோடுகள் வந்து நின்றன. ஸ்டோர் ரூமில் ஒரு பெண் தெளிவாக வானிலை அறிக்கை வாசித்தாள்.

ஐம்பதையும் அப்படியே போட்டுக் காட்டினார். ஐம்பதும் அசல். நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட பிரின்சிபால், “எனக்கு அப்பவே சந்தேகம்தான்” என்றார்.

“சாரிங்க” என்றேன் சகாயமேரியிடம்.

“வாயால வேணாம் சார். போலின்னு எழுத்துல போட்டீங்க, இல்லைன்னும் எழுத்துலயே போடுங்க.”

‘சில தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று ஆரம்பித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “யாரோட காரணம்னு எழுதுங்க.” ‘என் அறியாமையால்’ என்று திருத்தி, கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அதை லேமினேட் செய்து கடையில், கல்லாவுக்கு நேர் மேலே மாட்டினார். நின்றுபோன ஆர்டர்கள் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. என் மாணவர்கள் எதுவும் வாங்க வேண்டியிராதபோதும் அந்தக் கடைக்குப் போய் வந்தார்கள்.

அடுத்த வருடம் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா, கட்டுமாவடியில் படகு வைத்திருந்தவர், மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க, ஒயர் வாங்குகிற சாக்கில் போய் நின்றது அதே கடையில். சகாயமேரி வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மேலே கை காட்டியிருக்கிறார்.

சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். பெண்ணின் அப்பாவோ வீட்டுக்குப் போய், “தப்புப் பண்ணுனா எழுதிக் கையெழுத்தும் போட்டுக் குடுக்குறான். இந்த மாதிரி மாப்பிள்ளை எங்க கெடைப்பான்” என்று தேதி குறித்துவிட்டார்.

பதினோரு வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் சண்டை முற்றினால் மனைவி குரலை உயர்த்துவதில்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்துவிட்டு, “‘என் அறியாமையால்’ல இருந்து ஆரம்பிங்க” என்பாள். எழுதிக் கொடுத்தவற்றை எல்லாம் மகள் தேதிவாரியாக ஃபைலில் போட்டு வைத்திருக்கிறாள். விருந்தாளி யார் வந்தாலும் காபிக்கு முன்னால் அதுதான் வருகிறது.