முனகும் ஜெர்மன்காரர்

கேசட் ஓடத் தொடங்கியதும் சிம்பொனி வெல்லப்பாகாக இழுபட்டது. வயலின்கள் எல்லாம் தூக்கக் கலக்கத்தில் வாசித்தன. எலியேசர் டேப் ரெக்கார்டரின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அது நின்றே போனது.

"பெல்ட் போயிருக்கும்," என்றாள் மனைவி லில்லி, அடுப்படியிலிருந்து.

"உஸ்," என்றார். இசை நின்ற பிறகும் உஸ் சொல்வது அவர் வழக்கம்.

மறுநாள் மாலை பாளையங்கோட்டை ஆலயத்துப் பாரிஷ் ஹாலில் கமிட்டி முன் பஞ்சாயத்து. இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கொயர் பாடகர்கள், பென்டிரைவில் வரும் பதிவிசை டிராக்குக்கு மேல் பாடினால் போதும் என்கிறார் கமிட்டியில் இருக்கும் ஜாஸ்பர். வயலினும் ஆர்கனும் நேரில் வாசிக்க, தன் கோல் அசைவுக்குப் பாட வேண்டும் என்கிறார் பல வருடங்களாகக் கொயர் நடத்தும் எலியேசர். ஒரே ஜெர்மன்காரர் நடத்திய ஒரே சிம்பொனியை, ஸ்டுடியோவில் பிடித்தது ஒன்று, கச்சேரியில் பிடித்தது ஒன்று எனப் போட்டு, நேரில் வாசிப்பதன் வித்தியாசத்தைக் காட்டுவதாக அவர் சவால் விட்டிருந்தார். தோற்றால் கோலைக் கீழே வைக்க வேண்டியதுதான்.

ஸ்டுடியோ சிடி கடையில் வாங்கியது. கேசட்டுதான் பொக்கிஷம். கல்யாணமான புதிதில் ஒரு சாயங்காலம், அந்தக் கச்சேரி ஒலிபரப்பான ரேடியோ முன்னால் டேப்பைப் பதிவில் ஓடவிட்டுவிட்டுக் கொயர் பயிற்சிக்கு ஓடினார். திரும்பி வந்து கேட்டால், மெதுவான பகுதியில் ஜெர்மன்காரர் தன்னை மறந்து முனகுகிறார். நேரடிக் கச்சேரி என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? அந்த முனகலைக் கேட்டால் அவருக்குத் தாமிரபரணியில் கழுத்தளவு நீரில் கிடப்பது போலிருக்கும். அன்றிலிருந்து கேசட் ஓடும்போது லில்லி கரண்டியைக்கூடப் பைய வைக்க வேண்டும்.

டேப் செத்துவிட்டதால், ஜங்ஷனில் ஷேக் மைதீனின் ரெக்கார்டிங் கடைக்குப் போய்க் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டார்.

ஹாலில் ஜெபம் முடிந்தது. முதலில் சிடி. பிறகு பென்டிரைவ். மெதுவான பகுதி வந்தது. முனகல் வரவில்லை.

"என்ன வே, போட்டதையே போடுதீரு?" என்றார் ஜாஸ்பர்.

"இல்ல வே, இது வேற."

"எங்கன வேற? அச்சு அசலா ஒண்ணாத்தான கேக்குது."

எலியேசர் வெளியே ஓடி ஷேக் மைதீனுக்கு போன் போட்டார்.

"உள்ள ஒரே மொனங்கல் அண்ணாச்சி. சுத்தமாத் தொடச்சு எடுத்துட்டேன். துட்டு வேண்டாம், அது நம்ம அன்பளிப்பு."

எலியேசருக்கு அழுகையே வந்துவிட்டது. கூட வந்திருந்த லில்லிதான் தன் தங்கை கிறிஸ்டியை போனில் கூப்பிட்டாள். அந்த நாளில் காலேஜ் படிக்கையில் இவர்கள் வீட்டில் தங்கியிருந்த கிறிஸ்டி, இப்போது அடுத்த தெருவில் இருக்கிறாள். தன்னுடைய பழைய டேப்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடி வந்து சேர்ந்தாள்.

எலியேசரின் பையிலிருந்த அசல் கேசட் ஓடியது. மழை விட்ட ஜன்னல்களில் மஞ்சள் வெயில் வந்து நின்றது. வயலின்கள் தாழ்ந்தன. அவற்றின் அடியில் அந்த முனகல் மெல்ல எழுந்தது, மறைந்தது, மறுபடி எழுந்தது. கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். யாருக்கும் மணி நினைவில்லை. ஹாலே ஆற்றில் மிதந்து போவது போலிருந்தது. கேசட் முடிந்தது.

ஜாஸ்பர்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தோத்துட்டேன் வே. டிராக்கும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீரே நடத்தும்."

எலியேசர் ஜாஸ்பரின் தோளைப் பிடித்தார். "பாத்தீரா வே? உசுருள்ள மனுசன் பக்கத்துல நின்னாத்தான் இந்தச் சத்தம் வரும்."

கடைசி வரிசையில் லில்லி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த கிறிஸ்டி எழுந்தாள்.

"அது ஜெர்மன்காரர் இல்ல அத்தான், ரேடியோ பக்கத்துல நின்னு அக்கா மொனங்குதா, அப்பம்லாம் நாள் பூரா மொனங்கிக்கிட்டே கெடப்பாளே, பெறவு ஏன் நிறுத்திட்டா?"