நெடுவாய்க்கால் ரோட்டில் நாலாவது கியர்

தஞ்சாவூர் ஜில்லாவில் வேகத்துக்கென்றே பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் தெரு நாலாங்கியர்தான். அவரை ஒரு வாத்துக்கூட்டம் முந்திக்கொண்டு போனதைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் வைத்த பெயர் வேறு. மன்னார்குடியில் அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவர் நாலாங்கியர். காரணம் அவருடைய கார். இங்கிலாந்தில் செய்த சிவப்பு ரேஸ் கார். இரண்டே சீட்டு, கூரை கிடையாது, தரையோடு தரையாகக் கிடக்கும். அதில் உட்கார்ந்தால் எதிரே வருகிற மாட்டின் வயிறு தெரியுமே தவிர முகம் தெரியாது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. பாகப்பிரிவினையில் அண்ணன் நஞ்சையைக் கேட்டார். இவர், "எனக்குக் காரு போதும்" என்று சொல்லிவிட்டார். பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் இவரைத் தனியே கொல்லைப்பக்கம் அழைத்துப்போய், உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்களாம்.

இவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். குடும்பத்தை டீச்சர் ஓட்டினார், காரை இவர் ஓட்டினார். அந்த வண்டியில் ஏறுவதில்லை என்று டீச்சர் சபதம் செய்திருந்தார். ஆனால் வெயில் நாளில் அதன் என்ஜின் மூடிமேல் வடாம் காயப்போடுவதில் அவருக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. அதே பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். பக்கத்து சீட்டு காலியாக இருந்ததால் அது எனக்கு வந்து சேர்ந்தது. மழை வந்தால் இருவருக்குமாகக் குடை பிடிப்பது என் உத்தியோகம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் மஃப்ளர், கையில் தோல் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு நாங்கள் கத்திரிக்காய் வாங்கப் போவோம்.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. அண்ணன் மிராசுதார் தாசில்தார் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். இவர் டீக்கடையில் காலை நீட்டிக்கொண்டு, "நிலத்துக்குத்தான் உச்சவரம்பு. என் காருக்குக் கெடையாது" என்றார்.

டீக்கடைக்காரர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "ஒங்க காருக்கு மூணாங்கியர்தானேண்ணே உச்சவரம்பு" என்றார்.

வாஸ்தவம். அந்தக் காருக்கு நாலு கியர். நாலாவதை இவர் ஒருநாளும் போட்டதில்லை. எங்கள் பக்கத்து ரோடெல்லாம் வாய்க்காலை ஒட்டியே போகும். வாய்க்கால் வளைந்தால் ரோடும் வளையும். வளைவு முடிந்தால் மதகு. மதகு தாண்டினால் நெல்வண்டி. அதுவும் இல்லாவிட்டால் ஏதாவது ஒரு கட்சி ஊர்வலம். மூன்றாவது கியரில் கொஞ்சம் சூடு பிடித்ததும் என் பக்கம் திரும்புவார்.

"போட்டுடவா தம்பி?"

"வேணாம்ண்ணே. வாத்து."

தேர்தல் சமயத்தில் ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் வந்து, "சிவப்பு ஏற்கெனவே இருக்கு. பாதிக்குக் கறுப்பு அடிச்சுட்டீங்கன்னா ஆட்சியோட போயிடலாம்" என்று யோசனை சொன்னார். நாலாங்கியர் யோசித்துவிட்டு, "கட்சி ரோட்ட நேராக்குமா?" என்று கேட்டார். வந்தவர் காபியை முடிக்காமலே எழுந்து போனார்.

நேரான ரோடு ஒன்றே ஒன்று இருந்தது. நெடுவாய்க்கால் என்ற ஊருக்கு வெளியே, ஒரு மைல். ஆனால் அறுவடை நாளில் அதுதான் ஊருக்கே களம். கதிரையும் உளுந்துச் செடியையும் ரோட்டில் பரப்பிவிடுவார்கள்; பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப் போக மணி தானாக உதிரும். பஸ்ஸுக்கு அதில் சிரமமில்லை. இவர் காருக்கு வயிறு தரையில் இருந்ததால் ஒரு தடவை வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டு, சூட்டில் பற்றிப் புகைய ஆரம்பித்துவிட்டது. ஒரு பெண் ஓடிவந்து குடத்துத் தண்ணீரைக் காரின்மேல் பாதியும் இவர்மேல் பாதியும் ஊற்றினார். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற பெண்களுக்குச் சங்கத்தில் தலைவியாக இருந்த செல்லம்மா அவர்.

"என் மேல ஏம்மா ஊத்துன?"

"பொகையில எது எரியுதுன்னு தெரியல காருக்காரரே. அதான் எல்லாத்து மேலயும் ஊத்திட்டேன்."

அந்த வருஷம் குறுவை அறுப்புக்குக் கூலி கேட்டு வேலைநிறுத்தம் வந்தது. மிராசுதார்கள் வெளியூர் ஆள் கொண்டுவரப் போவதாகப் பேச்சு. பஸ் இல்லை, வண்டி இல்லை, கடை இல்லை. ஜில்லாவே என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் ஹாரன் கேட்டது.

"தம்பி, ரோடு காலி. ஏறு."

நெடுவாய்க்காலை நெருங்கினோம். கண்ணுக்கெட்டிய தூரம் நேரான ரோடு. அதன் நட்டநடுவில் நூறு பெண்கள் சிவப்புக் கொடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

செல்லம்மா எழுந்து வந்தார். "நாங்க கூலிக்காக உக்காந்திருக்கோம். நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் இல்லம்மா. நாலாங்கியர் போடணும்."

கூட்டம் முழுவதும் சிரித்தது. செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எத்தினி வருசமாப் போடல?"

"பாகம் பிரிச்சதுலேருந்து."

"எங்க கூலியும் அப்பலேருந்து ஏறல. வாங்க, நீங்களும் உக்காருங்க."

நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. மனிதர் காரை ஓரங்கட்டிவிட்டு, மஃப்ளரை விரித்து, ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். வெளியூர் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு மத்தியானம் அவர் அண்ணனே வந்தார். லாரிக்குக் குறுக்கே, கொடிகளுக்கு நடுவில், கறுப்புக் கண்ணாடியோடு சொந்தத் தம்பி.

"டேய், எந்திரிச்சு வாடா. மானம் போவுது."

"என் பங்கு ரோட்டுலதாண்ணே இருக்கு. நீங்க கூலியப் பேசி முடிங்க, எந்திரிக்கிறேன்."

லாரி திரும்பிப் போனது. இரண்டு நாளில் கூலி பேசி முடித்தார்கள். அதோடு அண்ணன் இவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டார். உச்சவரம்பைத் தவிர அண்ணன் வேறு எதுவும் பேசுவதில்லை என்பதால் இவருக்கு அதில் பெரிய குறை இல்லை.

குறை வேறு இடத்தில் வந்தது. பங்குனியில் தஞ்சாவூர் மெக்கானிக் கியர்ப்பெட்டியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பல்லெல்லாம் தேய்ந்துவிட்டது, மாற்றுச் சாமான் இந்தியாவிலேயே கிடையாது, இந்த மாதம் ஓடினாலே அதிகம் என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பும்போது நாலாங்கியர் வண்டியை நேரே நெடுவாய்க்காலுக்கு விட்டார்.

ரோடு முழுக்க உளுந்துச் செடி. ஒரு மைலுக்கும் இடைவெளி இல்லாமல் பரப்பியிருந்தார்கள். அவர் என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

செல்லம்மா வந்து முகத்தைப் பார்த்தார். "என்னாச்சு?"

நான்தான் சொன்னேன். "கியரு போவப் போவுதுக்கா. இன்னிக்கு விட்டா இல்ல."

செல்லம்மா திரும்பி ஒரு குரல் கொடுத்தார். "ஏ புள்ளைவொளா, ரோட்டச் சுருட்டுங்கடி. காருக்காரரு போவணுமாம்."

அந்த வெயிலில், பாதி உதிர்ந்த உளுந்தை, ஒரு மைல் தூரத்துக்கு அந்தப் பெண்கள் வாரி ஓரத்தில் ஒதுக்கினார்கள். எதிரே வந்த பஸ்ஸையும் நிறுத்தி வைத்தார்கள். கண்டக்டர் இறங்கி வந்து என்ன ஏது என்று கேட்டுவிட்டு, தானும் ஒரு கை பிடித்து வாரினார்.

முதல் கியர். இரண்டாவது. மூன்றாவது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"போட்டுடவா தம்பி?"

"போடுங்கண்ணே."

உறுமிக்கொண்டே இருந்த என்ஜின் திடீரென்று சாந்தமாகிவிட்டது. காற்று வந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு போனது. இரண்டு பக்கமும் பெண்கள் குலவை போட்டது விட்டுவிட்டுக் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்குமா? அதற்குள் மதகு வந்துவிட்டது. நிறுத்திவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். நானும் தூசி என்றேன்.

திரும்பி வந்தபோது பெண்கள் உளுந்தை மறுபடி பரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கவில்லை. முதல் கியரைப் போட்டு, அந்தச் செடிமேலேயே போய்த் திரும்பி, போய்த் திரும்பி, சாயங்காலம் வரை உளுந்து உதிர்த்துக் கொடுத்தார். செல்லம்மா தண்ணீர்க் குடத்தோடு பின்னாலேயே நடந்தார்.

இப்போது என் மகனுடைய காரில் கியர் மாற்றுகிற வேலையே கிடையாது. தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ரோடு நேராக வரும்போதெல்லாம் என் வாய் என்னைக் கேட்காமல், "போடுங்கண்ணே" என்று சொல்லிவிடுகிறது.