மூக்கு சாரும் பச்சை இரண்டும்

காலை ஒன்பது மணிக்கு வாசல் பலகையில் எண் ஐம்பத்தெட்டு. அதுவும் சிவப்பில்.

மூக்கு சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அதே எண். தெருவின் காற்றை அளக்கும் கருவிக்கு அவர்தான் பொறுப்பு. அதனால் அலுவலகம் சூட்டிய பெயர் அது. அவர் கருவியைப் பொருத்திய ஆறு மாதத்தில் பச்சை இரண்டைத் தவிர வேறு எண் வந்ததில்லை. பத்து மணிக்குக் கமிஷனர் வருகிறார், 'மிகச் சுத்தமான தெரு' கேடயத்தோடும் மூக்கு சாரின் பதவி உயர்வு உத்தரவோடும்.

"என்னய்யா இது? இன்னைக்குன்னு பாத்தா உன் மூக்குக்கு ஜலதோஷம் பிடிக்கணும்?" என்று மேலாளர் அலறினார்.

"தூசி சார். ஒரே நிமிஷம்."

ஏணியில் ஏறினார். கருவிப் பெட்டிக்குள் தைல டப்பா அளவில் சென்சார். கெட்ட வாயு பட்டால் உள்ளே இருக்கும் அமிலத்தில் துளி மின்சாரம் பிறக்கும். அதுதான் பலகையில் எண்ணாகும். எப்போதும் சிவப்பாக இருக்கும் அதன் முகம் இன்று வெளுத்திருந்தது. 'எனக்கு மேல பயந்திருக்கு' என்று நினைத்தபடி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தார்.

நூற்று நாற்பது.

"யோவ், ஏறுதுய்யா!"

"ஸ்பிரிட்டையும் அது விஷவாயுன்னு நினைச்சுக்கும் சார். பதட்டத்துல மறந்துட்டேன்."

ஆவியை விரட்ட மின்விசிறியைத் தூக்கி வந்து வைத்தார். அது வாசலில் உறுமிக்கொண்டு நின்ற லாரியின் புகையை வாரி வாரிச் சென்சாருக்கு ஊட்டியது.

முந்நூற்றுப் பத்து. அதுவரை நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு போன இரண்டு பேர், பலகையைப் பார்த்ததும் இருமினார்கள்.

தெருமுனையில் கமிஷனரின் கார் திரும்பியது.

இருபது வருட வேலையில் செய்யாததை மூக்கு சார் செய்தார். இருமல் மருந்து பாட்டிலின் மூடியைச் சென்சார் மேல் கவிழ்த்து, டேப் ஒட்டினார். மேலாளர் கமிஷனரைக் காபி கொடுத்து அரைமணி நேரம் உட்கார வைத்தார். எண் இறங்கி, இறங்கி, பச்சை இரண்டில் நின்றது.

"ஆறு மாசத்துல ஒரு நாள்கூட ரெண்டைத் தாண்டல! இதுக்குப் பேர்தான் உழைப்பு!" என்றார் கமிஷனர். கைதட்டல். 'இன்னைக்கு ஒருநாள்தானே பொய்' என்று மனசாட்சியைத் தட்டிக்கொடுத்து, மூக்கு சார் கேடயத்துக்குக் கை நீட்டினார்.

கூட்டிப் பெருக்கும் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையில் குட்டியாக ஒரு சிவப்பு மூடி.

"சார், விழாவாச்சேன்னு காலையில பெட்டியைத் துடைச்சேன், இது கையோட வந்துடுச்சு. நீங்க மாட்டின நாள்லேருந்து அதோட மூக்குலயே கெடந்துச்சே... 'பொருத்தியதும் கழற்றவும்'னு எழுதியிருக்கு, திரும்ப மாட்டிடவா?"