சோடா பாய் பிடித்த இடம்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு வேடிக்கையை எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் சோடா பாய். மற்ற அத்தனை பேரும், நான் உட்பட, முன்னால் நிற்பவனின் பிடரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அடேயப்பா, என்ன கூட்டம்!" என்று பெருமையடித்துக்கொண்டவர்கள்.

கீழவாசலில் அவருடைய கோலி சோடா கடை. மாடி அறையில் நான் குடியிருந்தேன். பத்திர ஆபீஸில் குமாஸ்தா. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை. காலையில் கடைக் கதவைத் திட்டிக்கொண்டேதான் திறப்பார். சோடா கேட்டு வருகிறவனிடம், "ஏன், வீட்ல தண்ணி இல்லையா?" என்பார். ஊரில் இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டால் பறப்பது இவர் கடைப் பாட்டில்தான். மறுநாள் இரண்டு கட்சி ஆபீஸுக்கும் நேரில் போய், "வீசத் தெரியுதுல்ல, பொறுக்கிக் குடுக்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டு, உடையாத பாட்டில்களை வாங்கி வருவார். இரண்டு கட்சியும் ஒற்றுமையாகப் பயந்தது இவருக்கு மட்டும்தான்.

ஒரு முறை திருவையாற்றுத் தேர் பார்க்க என்னை இழுத்துப் போனார். ஊரே சாமி முகம் தெரிகிற பக்கம் நிற்க, இவர் என்னைச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்கள் பக்கம் நிறுத்தினார். "சாமி எங்கயும் ஓடிப்போவாது தம்பி. அந்தக் கட்டை போடறவன் கையப் பாரு. அவன் அசந்தா தேரு அய்யர் வீட்டுக்குள்ள பூந்துரும்." அன்றைக்கு எனக்குச் சாமி தரிசனம் கிடைக்கவில்லை. ஆனால் கட்டை போட்டவர் வெற்றிலை மென்றபடி ஒரு தேரையே நிறுத்தியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்படிப்பட்டவர் காதில்தான் மாரத்தான் செய்தி விழுந்தது. எழுபதுகளில் ஒரு புரட்டாசி. தலைவர் பிறந்தநாளை முன்னிட்டு 'மாபெரும் மாரத்தான் ஓட்டம்' என்று சுவரெல்லாம் போஸ்டர். பெரிய கோயில் வாசலில் புறப்பட்டு, வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆற்றுப் பாலத்தையும் தாண்டித் திருவையாறு போய்த் திரும்ப வேண்டும். மாரத்தான் என்றால் எத்தனை மைல் என்று கமிட்டிக்காரர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. முதல் மூன்று பேருக்குச் சர்க்கார் வேலை என்று மந்திரி சொல்லியிருந்தார். அது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடையில் சோடாப் பெட்டி தூக்கிய மாரிமுத்துவுக்கும் தெரிந்திருந்தது. அவன் ஊர் வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில். போன தை அறுப்பில் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டான். அன்றோடு அவனை எந்த வயலிலும் இறங்க விடக்கூடாது என்று அந்த ஊர் மிராசுதார் உத்தரவு போட்டுவிட்டார். வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்தார். அந்த மிராசுதார் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சித் துண்டைப் போட்டுக்கொள்வார். வேட்டி மட்டும் மாறாது. மாரிமுத்துவின் குடிசை அவருடைய மனையில் இருந்தது. "பொங்கலுக்குள்ள காலி பண்ணு" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவனுக்கு அந்த வேலை கிடைத்தால் பெண்டாட்டி பிள்ளையோடு டவுனுக்கு வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் ரோடுதான்.

ஓட்டத்துக்கு முந்தின ஞாயிறு பாய் என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பினார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு குறை சொல்லமாட்டார்கள். வடவாற்றுப் பாலத்தில் அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க நிக்கலாமே பாய்?"

"இங்க நின்னா வளைவத்தான் பாக்கணும்."

வெண்ணாற்றங்கரையில் புளியமரம், டீக்கடை, பெஞ்சு. நான் இறங்கியே விட்டேன்.

"ஏறுய்யா. நெழல் இருக்கற எடத்துல ஜனம் நிக்கும். ஜனம் நிக்கற எடத்துல எவனும் ஒழுங்காத்தான் ஓடுவான். அதப் போயி என்னத்தப் பாக்கறது?"

கடைசியில் அவர் பிடித்த இடம், வெண்ணாறு தாண்டி ஒரு பொட்டல் ரோடு. மரமில்லை, கடையில்லை, உட்காரக் கல்லில்லை. இரண்டு பக்கமும் மிராசுதார் வயல்.

"இங்க நாய்கூட நிக்காது பாய்."

"அதான் தம்பி. திருடன் இங்கதான் திருடுவான்."

ஓட்டத்தன்று அதுதான் நடந்தது. வெயிலில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றோம். திருவையாறு போய்த் திரும்பி வருகிறவர்களில் மூன்றாவதாக மாரிமுத்து தெரிந்தான். பாய் துண்டை எடுத்துச் சுழற்றினார். அப்போது அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. பின் சீட்டில் மார்பில் நம்பர் குத்திய மிராசுதாரின் மைத்துனர் மகன், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவன்போல உட்கார்ந்திருந்தான்.

பாய் நடு ரோட்டில் போய் நின்றார்.

"எறங்குடா! ஓட்டப் பந்தயமா, பொண்ணழைப்பா?"

வண்டி ஓட்டியவன் அவரைப் பிடித்துத் தள்ளினான். பாய் வாய்க்காலில் விழுந்தார். நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் மாரிமுத்து ஓட்டத்தை விட்டுவிட்டு வாய்க்காலில் குதித்திருந்தான்.

"பாய், அடிபட்டுச்சா பாய்?"

பாய் சேற்றோடு எழுந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "யாருடா ஒன்ன நிக்கச் சொன்னது? ஓடுடா! ஓடித் தொலைடா!"

அவன் ஓடினான். நாலாவதாகப் போய்ச் சேர்ந்தான். மைத்துனர் மகன் மூன்றாவது.

சேறு காயாமல் பாய் மேடைக்கே போனார். நானும் போனேன்; நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். கமிட்டிக்காரர் ஒருவர் கேட்டார்: "அந்தப் பொட்டல்ல எவன் நின்னான்? வேற யாராச்சும் பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. யாரும் நிற்காத இடமாகத் தேடிப் பிடித்தவரே இவர்தானே! மந்திரி கையால் மைத்துனர் மகனுக்கு மாலை விழுந்தது. பாயைப் போலீஸ்காரர் ஒருவர் மரியாதையாக வெளியே விட்டார். அவரும் பாய் கடை வாடிக்கை.

அந்தப் பொங்கலுக்கு மாரிமுத்துவின் குடிசையைப் பிரித்தார்கள். சோடாக் கடைக்குப் பின்னால், பாட்டில் அடுக்கும் கொட்டகையைக் காலி செய்து அந்தக் குடும்பத்தைப் பாய் வைத்துக்கொண்டார். "எடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்" என்று போகிற வருகிறவரிடமெல்லாம் திட்டினார். கொட்டகைக்குப் புதுக் கீற்று போட்டதும் அவரேதான்.

அடுத்த வருஷமும் அதே சர்க்கார் வேலைப் பரிசோடு ஓட்டம் அறிவித்தார்கள். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் பாய் சைக்கிளில் மாரிமுத்துவின் ஊருக்குப் போனார். என்ன வேலை என்று கேட்டேன். "திட்டப் போறேன்" என்றார். உண்மையிலேயே அந்த ஊர்க்காரர்களைத் திட்டித்தான் இருக்கிறார். "கூலி கேக்க வாய் இருக்குல்ல? ரோட்டுல நிக்கக் கால் இல்லையா? வயல்தான் அவன் வயல். ரோடு சர்க்கார் ரோடு. எவன்கிட்டய்யா கேக்கணும்?"

ஓட்டத்தன்று நாங்கள் பொட்டலுக்குப் போனோம். வெண்ணாற்றுப் பாலத்திலிருந்து வெட்டாற்றுப் பாலம் வரைக்கும் இரண்டு பக்கமும் ஜனம். அன்றைக்கு மாரிமுத்துவின் ஊர்த் தெருவில் யாரும் வேலைக்கு இறங்கவில்லை. மிராசுதார் வெளியூரிலிருந்து இறக்கியிருந்த நடவு ஆட்கள்கூட நாற்றுக் கட்டை அப்படியே போட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு வரப்பேறி வந்து நின்றார்கள். மிராசுதாரின் காரியஸ்தர் குடையோடு அங்குமிங்கும் ஓடி, "நடவு கெடக்குது, எறங்குங்கடி!" என்று கத்தினார். மாரத்தானில் கலந்துகொள்ளாமல் மாரத்தான் ஓடியவர் அவர் ஒருவர்தான்.

அதே மோட்டார் சைக்கிள் வெட்டாற்றுப் பாலம் வரைக்கும் வந்தது. இந்த முறை பின் சீட்டில் மிராசுதார் வீட்டு வேறொரு பிள்ளை. கூட்டத்தைப் பார்த்தான், இறங்கினான், கொஞ்ச தூரம் ஓடினான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு கிழவி, "ஏந்திரி ராசா, கால் நோவுதா?" என்று கேட்டாளே, அந்தச் சிரிப்பு பாலத்துக்குப் பாலம் போனது.

மாரிமுத்து இரண்டாவதாக வந்தான். நான் வரப்பில் ஏறி நின்று கண்ணாரப் பார்த்தேன். அவன் பாயைத் தேடிக்கொண்டே ஓடினான். பாய் எங்கே? எல்லோரையும் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, தனக்கு இடமில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் எக்கி எக்கி நின்றுகொண்டிருந்தார். முன்னால் நின்ற அம்மாள், "தள்ளாதீங்க பாய், மறைக்குது" என்று அவரையே அதட்டினாள்.

"பாத்தீங்களா பாய்? ரெண்டாவதா போறான்!"

"எங்கய்யா பாக்கறது? பூரா பிடரியா இருக்கு. இவ்வளவு மட்டமான எடத்துல நான் நின்னதே இல்ல."

எனக்குத் தெரிந்து அவர் கோபமில்லாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

திரும்பும்போது சைக்கிளை நான் மிதித்தேன். பின்னால் உட்கார்ந்து, நான் ஓட்டுகிற லட்சணத்தைத் திட்டிக்கொண்டே வந்தார். கீழவாசல் சீக்கிரம் வந்துவிடப் போகிறதே என்று நான் மெதுவாகவே மிதித்தேன்.