விழிப்பூட்டியாரும் ஒரு விலாசமும்

விழிப்பூட்டியார் என்றொரு இனம் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். சட்டையில் ஏதாவது ஒரு நிறத்தில் ரிப்பன் குத்தியிருப்பார். இந்த மாதம் எதற்காகக் கவலைப்படுகிறார் என்பதை அதன் நிறம் சொல்லிவிடும். போன மாதம் கழுகுகளுக்காக உருகினார். இந்த மாதம், வீட்டைவிட்டு வெளியேறி இருக்க இடமில்லாமல் அலையும் இளைஞர்களுக்காக. மைக் கையில் வந்ததும் குரல் தழுதழுக்கும். கரண்ட் போனால் தழுதழுப்பும் போய்விடும்.

மழைக்கு ஒதுங்கப்போய்த்தான் அவருடைய கூட்டத்தில் நான் மாட்டிக்கொண்டேன். நூலகத்து மாடி, முப்பது நாற்காலிகள். கூட்டம் தொடங்குமுன் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஈரச் செருப்போடு வந்து அவர்முன் ஒரு ஃபாரத்தை நீட்டினாள்.

"சார், பேக்கரியில வேலை தர்றேன்னுட்டாங்க. நாலு மணிக்குள்ள இதைக் கொடுக்கணும். விலாசம்தான் இல்ல. உங்க ஆபீஸ் விலாசத்தப் போட்டுக்கட்டுமா?"

விழிப்பூட்டியார் முகம் மலர்ந்தது. "நீ வீட்டவிட்டு வந்த பொண்ணா? நெஜமாவா? அடடா, உதாரணத்துக்கு ஒருத்தர் கிடைக்க மாட்டாங்களான்னு தவிச்சுக்கிட்டு இருந்தோம்மா! முன்வரிசையில உக்காரு."

"விலாசம், சார்?"

"அது உதவிப் பிரிவும்மா. நாங்க விழிப்புணர்வுப் பிரிவு."

"உதவிப் பிரிவு எங்க இருக்கு?"

"இனிமேதான் ஆரம்பிக்கணும்."

பிறகு பேசினார். அப்படி ஒரு பேச்சு! அந்தப் பிள்ளைகளுக்குப் படுக்க இடம் வேண்டும், குளிக்கத் தண்ணீர் வேண்டும், அதட்டாமல் காது கொடுக்க ஒரு பெரியவர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கடிதம் வந்துசேர விலாசம் வேண்டும் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். முப்பது பேரும் குறித்துக்கொண்டோம். அவள் கையைத் தூக்கினாள். "கேள்விகள் கடைசியில்" என்றார்.

பக்கத்து நாற்காலி அம்மாள் அவள் பக்கம் சாய்ந்தார். "பெத்தவ மனசு என்ன பாடுபடும்? கொஞ்சம் அனுசரிச்சுப் போகக்கூடாதா?"

"அடிச்சது அம்மாவோட ரெண்டாவது புருஷன். ரெண்டு வருஷம் அனுசரிச்சேன்" என்றாள் அவள். அது அரங்கத்துக்கே கேட்டது.

பிறகு என்ன செய்தோம் தெரியுமா? கைதட்டினோம்.

மழை ஈரத்தைத் துடைத்துக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவில் வந்த துப்புரவு அக்கா, மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

"உனக்கு என்ன வேணும்?"

"ஒரு விலாசம்க்கா."

"எழுது." கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஒரே மூச்சில் வந்தன. "லெட்டர் வந்தா எடுத்து வைக்கிறேன். கீழ பாத்ரூம் இருக்கு, மூஞ்சியக் கழுவிட்டு ஓடு."

"நான் யாருன்னே கேக்கலையேக்கா?"

"சாயங்காலம் வந்து சொல்லு. மணி மூணே முக்கால் ஆச்சு."

அவள் படியிறங்கி ஓடினாள். நடுவில் எழுந்து போனது ஒழுங்கீனம் என்று விழிப்பூட்டியார் வருத்தப்பட்டார்.

போன வாரம் பேக்கரியில் அவளைப் பார்த்தேன். தலையில் வெள்ளைத் தொப்பி. அக்கா வீட்டு முன்னறையில்தான் இருக்கிறாளாம். "அக்கா விடற குறட்டையில தூங்கவே முடியல சார்" என்று அலுத்துக்கொண்டாள். அலுத்துக்கொள்ள ஒரு வீடு கிடைத்த சந்தோஷம் முகமெல்லாம் இருந்தது.

விழிப்பூட்டியாரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? அன்று அரங்கில் இருந்த முப்பது பேருக்கும் விலாசம் இருந்தது. என் கையில் பேனாகூட இருந்தது. 'விலாசம் அவசியம்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தேன்.

நீங்கள் அப்படியில்லை என்கிறீர்கள். சரி. இதைப் படித்ததும் கண்ணோரம் லேசாகக் கசிந்ததா? நாலு பேருக்கு அனுப்பிவைத்தால் கடமை முடிந்தது என்று கட்டைவிரல் பரபரக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். 'அருமை' என்ற முதல் பதில் விழிப்பூட்டியாரிடமிருந்துதான் வரும். அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு முன்வரிசையில் இடமும் போட்டு வைப்பார்.